ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் இடம் கிடைக்காத அண்டா

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் லைனில் எல்லா சாதி, மதப் பெண்களும் உண்டு, சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். டி.வி.யில் கேட்கும் வெறுப்புப் பேச்சு எங்கள் ஊரில் எடுபடாது என்று நம்புகிறேன். சரிதானே?
- வாசகி, ஆம்பூர்

பதில்: பாதி சரி, அம்மா. பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட கணிப்பில், எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியருக்கு மிக முக்கியம் என்று 84 சதவீதத்தினர் சொன்னார்கள். அதே கணிப்பில், முஸ்லிம் ஒருவர் பக்கத்து வீட்டுக்கு வருவதை ஏற்கமாட்டோம் என்று சொன்ன இந்துக்கள் 36 சதவீதம். மதிப்பும் உண்டு, தள்ளிவைப்பும் உண்டு, உறுத்தல்தான் இல்லை. தெற்கில் இறுக்கம் குறைவு என்பது உண்மை. இந்துப் பெண்கள் மதம் கடந்து மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள், இந்துக்களில், மத்திய இந்தியாவில் 82 சதவீதம், தென்னிந்தியாவில் 37. அந்த 37ஐயும் சின்ன எண் என்று நான் சொல்லமாட்டேன்.

சேர்ந்து சாப்பிடுகிறோம் என்கிறீர்கள். மாட்டுக்கறி கொண்டுவருகிற பெண் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பாரா?

ஏன் கேட்கிறேன் என்றால், 2022 மே மாதம் உங்கள் ஊரிலேயே மாட்டுக்கறி தள்ளிவைக்கப்பட்டது. திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது. கோழி, ஆடு எல்லாம் உண்டு. மாட்டுக்கறி பிரியாணி மட்டும் கிடையாது. மாட்டுத் தோலில் பிழைக்கிற ஊரில், தலித்துகளும் முஸ்லிம்களும் விரும்பிச் சாப்பிடுவதற்கு அரசு விழாவில் அடுப்பில்லை! தில்லியில் ஆளும் கட்சி இங்கே ஆட்சியில் இல்லை. யாரும் மேடையேறி வெறுப்பைக் கக்கவும் இல்லை. 'எதற்கு வம்பு' என்கிற நினைப்பே போதுமாக இருந்தது என்பது என் கணிப்பு. வெறுப்பு அரசியல் ஜெயிக்காத ஊர்களிலும் அதன் வேலை இப்படி நடந்துவிடுகிறது: கத்துகிறவனுக்குப் பயந்து, கத்தாதவனின் பங்கை நல்லவர்களே குறைத்துவிடுகிறார்கள்.

விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட அமைப்புகள் எதிர்த்தன. திடலுக்கு வெளியே மாட்டுக்கறி பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம் என்றார்கள். விழா தள்ளிவைக்கப்பட்டது. சொன்ன காரணம் மழை. (நிர்வாகத்துக்கு மழையைப் போல உதவுகிற கீழதிகாரி வேறு கிடையாது.) மாட்டுக்கறியை விலக்கியதைப் பாகுபாடாக ஏன் கருதக்கூடாது என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆணையம் தானாக விழித்துக்கொள்ளவில்லை. உள்ளூரிலிருந்து புகார் போயிருந்தது.