சிறையில் வளரும் வழிகாட்டி நாய்கள்

கேள்வி: சில நாடுகளில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைச் சிறைவாசிகளே பழக்குகிறார்களாமே? இவ்வளவு பொறுப்பான வேலையை ஏன் அவர்களிடம் விடுகிறார்கள்?
- வாசகி ஒருவர், கம்மாபுரம்

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான், அம்மா. ஆனால் அவர்கள் வழிகாட்டப் பழக்குவதில்லை. குட்டியை வளர்த்துக் கொடுக்கிறார்கள். இரண்டு மாதக் குட்டியாக வருவது, ஏறக்குறைய ஒரு வயதுவரை அவர்களோடு இருக்கும். உட்கார், வா, நில் என்றால் கேட்க வேண்டும். உள்ளே அசிங்கம் செய்யக் கூடாது. சோற்றைக் கண்டு பாயக் கூடாது. பாடம் அவ்வளவுதான். வழிகாட்டும் வித்தையைப் பிறகு பயிற்சிப் பள்ளிதான் கற்றுத்தருகிறது. அதில் கடினமானது 'புத்தியோடு மறுத்தல்': எசமானர் 'நட' என்றாலும், எதிரே வண்டி வந்தால் நாய் நகராது. (நம் வீட்டு நாய்கள் காரணமே இல்லாமல் மறுக்கும், அது வேறு.)

சிறையில் கூலி மலிவு, அதனால்தான் என்பார்கள். அதுவும் சரியில்லை. வெளியே இந்தக் குட்டிகளை வளர்க்கும் குடும்பங்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களே.

உண்மைக் காரணம் நேரம். சின்னக் குட்டியை இரண்டு மூன்று மணிக்கொரு தரம், ராத்திரியிலும், வெளியே கொண்டுபோக வேண்டும். எல்லாரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது யாரால் முடியும்? சிறையில் ஆள் எப்போதும் இருக்கிறார். நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில் குளோரியா கில்பர்ட் ஸ்டோகா என்பவர் 1997இல் இந்தக் குட்டி வளர்ப்பைத் தொடங்கினார். அங்கே குட்டி, வளர்ப்பவரின் அறையிலேயே தூங்கும். எல்லாருக்கும் தந்துவிடுவதில்லை, ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆனால் சிறையில் பேருந்து இல்லை, சந்தை இல்லை, ஓடித் திரியும் பிள்ளைகள் இல்லை. இவற்றையெல்லாம் இளமையிலேயே காட்டி மிரளாமல் செய்வதைச் சமூகப் பழக்கம் என்பார்கள். அது தவறினால் நாய் பின்னால் தெருவைக் கண்டு நடுங்கும். ஜப்பானின் ஷிமானே அசாஹி சிறையில் 2009 முதல் நடக்கும் திட்டம் இதற்கு வழி கண்டிருக்கிறது: வார நாளில் குட்டி சிறையில், வார இறுதியில் ஊர்க் குடும்பத்தோடு.

நம் பக்கம் நடக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையில் ஆளும் உண்டு, நேரமும் உண்டு. ஆனால் வளர்ந்த குட்டியை வாங்கிப் பழக்கும் பள்ளிகள் இந்தியாவிலேயே அரிது. அப்படியே பழகி வந்தாலும், விருத்தாசலம் பேருந்து நிலையத்துத் தெருநாய்கள் அதை நிம்மதியாக நடக்க விட வேண்டுமே!