வரைபு தெளிவாக வர: ஆய்வுகூட மாணவருக்குச் சில குறிப்புகள்

வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் உன்னிச்சைக் குளத்தின் நீர்மட்டம் அடிக்கணக்கிலும் மழைவீழ்ச்சி மில்லிமீற்றரிலும் செய்திகளில் வரும். மட்டக்களப்புப் பிள்ளைகள் வரைபு பழக இதைவிட நல்ல தரவு தேட வேண்டியதில்லை.

1. கிடை அச்சில் நாள். நிலைக்குத்து அச்சில் நீர்மட்டம். அச்சின் பெயரோடு அலகும் இருக்க வேண்டும். அடியா மீற்றரா என்று தெரியாத வரைபால் யாருக்கும் பயனில்லை.

2. ஒரு பெரிய கட்டத்துக்கு 1, 2, 5 அல்லது 10, 20, 50 என்று அளவிடை எடுங்கள். 3, 7 எடுத்தால் புள்ளி குறிக்கும்போதே வழு புகுந்துவிடும். புள்ளிகள் தாளில் பாதிக்கு மேல் பரந்திருக்கட்டும்.

3. மழையைத் தூண்களாக வரைந்தால் அச்சு பூச்சியத்திலிருந்தே தொடங்க வேண்டும். இல்லையேல் சிறு தூறலும் பெருமழையாகத் தோன்றும். நீர்மட்டக் கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டையும் ஒரே தாளில் காட்ட, மழைத் தூண்களை மேல் விளிம்பிலிருந்து தலைகீழாகத் தொங்கவிடலாம். நீரியல் வரைபுகளில் வழக்கமான முறை இது. மழைக்கு எத்தனை நாள் கழித்துக் குளம் உயர்ந்தது என்பது பார்த்தவுடன் புரியும்.

4. எளிய ஊசல் பரிசோதனையில் நீளத்துக்கு எதிரே அலைவு காலத்தை வரைந்தால் வளைகோடுதான் வரும். அலைவு காலத்தின் வர்க்கத்தை வரையுங்கள், நேர்கோடு கிடைக்கும். புள்ளிக்குப் புள்ளி இழுக்காமல், இருபுறமும் புள்ளிகள் ஏறக்குறையச் சமமாக விழும்படி ஒரே கோடு போடுங்கள். படித்திறனுக்கு அக்கோட்டின் மீதே தூரத் தூர இரு இடங்களை எடுங்கள்; அட்டவணைப் புள்ளிகளை எடுத்தால் கோடு வரைந்ததே வீண். மீற்றரிலும் செக்கனிலும் அளந்திருந்தால் படித்திறன் 4க்கு அருகில் வரும். 39.5ஐ அதனால் வகுத்தால் ஈர்ப்பு ஆர்முடுகல். விடை 9.8ஐ ஒட்டி வராவிட்டால், அலைவுகளை எண்ணியது சரியா என்று முதலில் பாருங்கள்.

5. கோட்டை விட்டு விலகிய புள்ளியை அழிக்காதீர்கள். மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் விலகினால் வட்டமிட்டு, பக்கத்தில் குறிப்பெழுதுங்கள். நேர்மையான வரைபு அதுதான்.

6. எக்செல்லில் வரைவோர் கோட்டு வரைபை விட்டுச் சிதறல் வரைபைத் தெரிவுசெய்யுங்கள். 1, 2, 9 ஆம் நாள்களில் அளந்ததைக் கோட்டு வரைபு சம இடைவெளியில் அடுக்கிவிடும். ஒரு வாரம் அப்படியே மறைந்துபோகும்.

7. நிறங்களை மட்டும் நம்பாதீர்கள், போட்டோ பிரதியில் எல்லாம் ஒரே சாம்பல்தான். ஒரு கோட்டை முழுக்கோடாகவும் மற்றதை முறிகோடாகவும் வரைந்து, பெயரைக் கோட்டின் அருகிலேயே எழுதிவிடுங்கள்.