பரண்மேல் கிடக்கும் லேப்டாப்பை எழுப்புவோம்



தமிழ்நாட்டில் 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ படித்த நம் பிள்ளைகள் பலர் அதில் லேப்டாப் வாங்கினார்கள். பிள்ளைகள் படிச்சு முடிச்சாச்சு. கல்யாணமாகி வெளியூர் போனவர்களும் உண்டு. லேப்டாப் மட்டும் அதே பையில் பரண்மேல் கிடக்கிறது. "ஆன் பண்ணினா சுத்திக்கிட்டே இருக்கு, இனி எடைக்குத்தான் போடணும்" என்கிறோம்.

இன்னொரு பக்கம், குழுவின் வரவு செலவு அறிக்கையை டைப் செய்ய மாதாமாதம் கம்ப்யூட்டர் சென்டருக்குக் காசு கொடுக்கிறோம். காசு மட்டுமா? யாருக்கு எவ்வளவு சேமிப்பு, யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்பதெல்லாம் யாரோ ஒருவருடைய கணினியில் தங்கிவிடுகிறது. நம் கணக்கு நம் கையில் இருக்க வேண்டாமா? அதற்கு அந்தப் பழைய லேப்டாப்பே போதும். எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

வயசானது கணினிக்கா, மென்பொருளுக்கா?

குழுவுக்கு ஊக்குநர் எப்படியோ, கணினிக்கு இயங்குதளம் அப்படி. எந்த வேலையை எந்தப் பகுதி செய்வது என்று பார்த்துக்கொள்வது அதுதான். விண்டோஸ் என்பது ஓர் இயங்குதளம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நம் பழைய லேப்டாப் பலவற்றில் 2 ஜிபி ராம்தான் இருக்கிறது.

ஆக, இயந்திரம் நன்றாக இருந்தாலும் அதில் உள்ள விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் பேங்க் வேலை பார்ப்பது, தாழ்ப்பாள் உடைந்த வீட்டில் நகையை வைப்பது போல. திருட்டு விண்டோஸ் போட்டுக்கொள்வதும் தீர்வு இல்லை. அதோடு சேர்ந்து வைரஸும் உள்ளே வரலாம்.

லினக்ஸ் என்றால் என்ன?

1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது லினக்ஸ். பிறகு உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நம் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ்தான். திட்டத்தின் தொடக்கத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது நம் நாட்டு அரசு நிறுவனமான சி-டாக்.

லினக்ஸில் பல வகை உண்டு. புதிதாகப் பழகுபவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிது. அதிலும் 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற பதிப்பு பழைய கணினிக்கு ஏற்றது. 2 ஜிபி ராமில் ஓடும். 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். காசு கட்ட வேண்டியதில்லை.

செய்யும் முறை

1. முதலில் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடக்கூடாது. கடையில் கொடுத்துக் கழற்றிவிட வேண்டும். பிறகு 'கம்ப்யூட்டர்' படத்தில் வலது பக்கம் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் ராம் எவ்வளவு, 32 பிட்டா 64 பிட்டா என்று தெரியும். மின்ட் 22-க்கு 64 பிட் கணினி வேண்டும். பழைய விண்டோஸ் 32 பிட் என்று காட்டினாலும் சில கணினிகள் 64 பிட் தாங்கும். உறுதியாகத் தெரிய, படி 4-ல் போட்டுப் பாருங்கள். தாங்காத கணினியில் அது தொடங்கவே தொடங்காது.

2. உள்ளே இருப்பதைக் காப்பி எடுங்கள். இதுதான் மிக முக்கியம். புது இயங்குதளம் போடும்போது பழையது எல்லாம் அழிந்துவிடும். கல்யாண போட்டோ, சான்றிதழ் நகல், பழைய கணக்கு எதுவும் திரும்ப வராது. லேப்டாப்புக்கு உரிய பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். காப்பி எடுத்ததை வேறு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

3. குறைந்தது 8 ஜிபி உள்ள காலி பென் டிரைவ் ஒன்று வேண்டும். இன்டர்நெட் உள்ள வேறு கணினியில், லினக்ஸ் மின்ட்டின் சொந்த இணையதளத்திலிருந்து கோப்பை இறக்குங்கள். சுமார் 3 ஜிபி இருக்கும். 'ரூஃபஸ்' என்ற இலவச மென்பொருளால் அதைப் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். சும்மா காப்பி செய்தால் வேலை செய்யாது.

4. பென் டிரைவைப் பழைய லேப்டாப்பில் செருகி ஆன் செய்யுங்கள். ஆன் ஆகும்போதே எஃப்12 பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். ஹெச்பி என்றால் எஃப்9. எதிலிருந்து தொடங்கலாம் என்ற பட்டியல் வரும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

5. உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பென் டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, எல்லா எழுத்தும் அடிக்க முடிகிறதா என்று பாருங்கள். இதுவரை எதுவும் அழியவில்லை. பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டுப் பென் டிரைவை எடுத்துவிடலாம்.

6. திருப்தி என்றால் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' படத்தை அழுத்துங்கள். மொழியாகத் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். வட்டை அழித்து நிறுவவா என்று கேட்கும் இடத்தில் நின்று, காப்பி எடுத்தாச்சா என்று இன்னொரு முறை யோசியுங்கள். சரி என்ற பிறகு திரும்ப முடியாது. பழைய கணினியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். கரண்ட் கட் அறிவித்த நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

7. முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்து, 'அப்டேட் மேனேஜர்' மூலம் திருத்தங்களை ஏற்றுங்கள். கணக்கு எழுத 'லிப்ரெ ஆபீஸ் கால்க்' உள்ளேயே இருக்கிறது.

எதெல்லாம் நடக்காது?

டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸில் நேராக ஓடாது. சில கைரேகைக் கருவிகளும் பிரிண்டர்களும் வேலை செய்யாமல் போகலாம். இவை தேவைப்படும் குழுக்கள் இருக்கிற விண்டோஸை அழிக்கும் முன் கூட்டமைப்பு அலுவலகத்தில் பேசிவிடுங்கள். மற்றபடி சேமிப்புப் பட்டியல், கடன் பேரேடு, கடிதம், தீர்மான நகல் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஒரு கடிவாளம் மட்டும்: கையெழுத்துப் போட்ட ரொக்கப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும் வழக்கம்போல இருக்க வேண்டும்.

"எட்டாவது வரைக்கும் படிச்ச எனக்கு இது வருமா?" என்று கேட்கலாம். ரொக்கப் புத்தகம் எழுதவும் ஒரு காலத்தில் தெரியாதுதானே? எழுதி எழுதித்தான் பழகினோம். முதல் தடவை விவரம் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

• நம் உறுப்பினர் வீடுகளில் எத்தனை லேப்டாப் சும்மா கிடக்கிறது? குழுவுக்குத் தருபவர் யார்? இரவலா, சொந்தமாகவா? தீர்மானத்தில் எழுதுங்கள்.

• கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் ஊருக்குப் போகும் நாளில் கணக்கும் பூட்டிக்கொள்ளும். ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

• மாதம் ஒருமுறை கணக்கைப் பென் டிரைவில் காப்பி எடுக்கும் பொறுப்பு யாருக்கு?