மருந்தடித்த மரக்கறியில் மிச்சம் எவ்வளவு?

போஞ்சிக்கு நேற்று மருந்தடித்துவிட்டு இன்றைக்கே பறித்துக் குழம்பு வைக்கலாமா?

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. அந்தப் பக்கத்து மணல் நிலத்துக் கத்தரிக்கும் நம்ம லயத்துப் போஞ்சிக்கும் கேள்வி ஒன்றுதான்.

கண்ணுக்குத் தெரியாததை ஆய்வுகூடத்தில் அளக்கிறார்கள். மரக்கறியை அரைத்து நிறுத்து, கரைப்பான் திரவம் ஊற்றிக் குலுக்குவார்கள். மருந்து அதில் இறங்கிவிடும். அதைச் சுத்தப்படுத்திக் கருவியில் செலுத்தினால், என்ன மருந்து, எவ்வளவு என்று தனித்தனியே காட்டும். கணக்கு, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது. ஒரு மில்லிகிராம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு! 1963இல் உருவான கோடெக்ஸ் ஆணைக்குழு, பயிருக்குப் பயிர் உச்ச அளவுகளை வகுத்திருக்கிறது.

நம்மிடம் கருவி இல்லை. போத்தலில் லேபல் இருக்கிறது. அடித்தபின் எத்தனை நாள் பொறுத்துப் பறிக்க வேண்டும் என்று அதில் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் அந்த நாட்களில் நஞ்சு குறையும். பீலித் தண்ணியில் கழுவினால் மேலே ஒட்டியது கொஞ்சம் போகும். செடிக்குள் ஊறியது போகாது.

தேயிலை மருந்தில் மிச்சம் என்று கொண்டுவந்து மரக்கறிக்கு அடிக்கவே வேண்டாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் லேபலைக் கொடுங்கள். நாளை எண்ணிப் பறியுங்கள். சாப்பிடப் போவதும் அந்தப் பிள்ளைதானே!