ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்குப் பணக் குறிப்புகள்

திருவரங்குளத்தில் அப்பா பணம் கட்டிவிட்டார், ஜெர்மனியில் பிள்ளை கையில் காசில்லை. இந்த அவதியைத் தவிர்க்க:

1. விசாவுக்காகப் பணத்தைப் போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கும் பிளாக்டு அக்கவுண்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 2024 செப்டம்பர் முதல் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். கைக்கு வருவதோ மாதம் 992தான். அதுவும் அங்கே போய் ஒரு நடப்புக் கணக்கு தொடங்கிய பிறகே. வீட்டுக்காரர் முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். எனவே முதல் இரண்டு மாதச் செலவையும் முன்பணத்தையும் தனியாக ஃபோரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். புறப்படுமுன் தூதரகத் தளத்தில் தொகையைச் சரிபாருங்கள், அவ்வப்போது உயர்த்துகிறார்கள்.

2. வங்கியில் பதிந்த சிம்மை உடன் எடுத்துப் போய், ரோமிங்கை இயக்குங்கள். வீட்டில் விட்டுப் போனால், ஓடிபிக்காக நள்ளிரவில் அம்மாவை எழுப்ப வேண்டிவரும்.

3. கட்டணத்தை வங்கிக் கல்விக் கடனிலிருந்தே நேராக அனுப்பச் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் முதல் அதற்கு டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) இல்லை. சொந்தப் பணமென்றால் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்குப் பிடிப்பார்கள்; ரசீதை வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

4. கடை இயந்திரம் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

5. ஊர்ச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்காக மாற்றுங்கள். அந்நியச் செலாவணி விதி அது.

6. ‘உன் கணக்கில் பணம் போடுகிறேன், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறேன்’ என்பவர் நம்மூர்க்காரரே ஆனாலும் மறுத்துவிடுங்கள். திருட்டுப் பணமாக இருந்தால் வழக்கு கணக்குக்காரர் மேல்தான்.