கூடு உடைந்த பிறகு

அன்புள்ள கயல்விழிக்கு,

2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் கிடைத்ததிலிருந்து உலோக-கரிமக் கட்டமைப்பு என்ற பெயர் உன் காதிலும் விழுந்திருக்கும். உலோக அயனிகளை முடிச்சாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பாகவும் வைத்துப் பின்னிய கூடு அது. உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். அதில் மருந்தை நிரப்பி உடம்புக்குள் அனுப்பலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால், எவ்வளவு மருந்து பிடிக்கும் என்பதைவிட, கூடு உடைந்த பிறகு துண்டுகள் என்ன ஆகும் என்பதே முக்கியமான கேள்வி.

பிரான்சின் வெர்சாய் நகரில் உருவான எம்.ஐ.எல்-100 என்ற பொருளைப் பார். முடிச்சு இரும்பு, கம்பு டிரைமெசிக் அமிலம். அறைகள் 2.5, 2.9 நானோமீட்டர் அகலம். வாசல்களில் பெரியதுகூட 0.9 நானோமீட்டரை எட்டாது. ஹோர்காஹாதா, கிரெஃப் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் இதில் புசல்ஃபானை ஏற்றி, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். புசல்ஃபான், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன்னால் தரப்படும் மருந்து. தண்ணீரில் எளிதில் கரையாது; படிகமாகி கல்லீரலின் நுண்ணிய நாளங்களை அடைக்கும் அபாயமும் உண்டு. அதுவரை கொழுப்பு, பாலிமர் துகள்கள் தம் எடையில் அதிகபட்சம் ஐந்தாறு சதவீதம்தான் இம்மருந்தை ஏற்றன. இந்தக் கூடு சுமார் 25 சதவீதம் ஏற்றது. அதோடு, இரும்பின் காந்தத் தன்மையால் துகள் சேர்ந்த இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் கருத்துத் தெரியும். சுமப்பதும் அதுவே, இடம் காட்டுவதும் அதுவே. எம்.ஆர்.ஐ. படம் துலங்க வழக்கமாகச் செலுத்தும் கடோலினியம் என்ற உலோகம், தனி அயனியாக விடுபட்டால் நஞ்சு; சிறுநீரகம் பழுதான சிலருக்குத் தோல் இறுகும் நோயே வந்திருக்கிறது. இரும்போ வளர்ந்தவர் உடம்பில் ஏற்கெனவே மூன்று, நான்கு கிராம் இருக்கிறது.

"உடம்பில் இருக்கும் இரும்பு புரதத்தோடு கட்டுண்டது, கூட்டிலிருந்து கொட்டும் இரும்பு அப்படியா?" என்று நீ கேட்டால், அது நியாயமான மறுப்பு. கட்டற்ற இரும்பு செல்லைச் சிதைக்கும். ஆகவே அளவும் வேகமும் முக்கியம். எலிகளின் நாளத்தில் இந்தக் கூட்டுத் துகள்களை ஒரு கிலோ எடைக்கு 220 மில்லிகிராம் வரை செலுத்தியும் கடும் நச்சு விளைவு தெரியவில்லை. துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தேங்கிப் பிறகு சிதைந்தன. எலி மனிதனல்ல என்பதையும் மறக்காதே. ரத்தத்திலுள்ள பாஸ்பேட் இரும்பைப் பற்றி இழுத்துக் கூட்டை வழியிலேயே கலைத்துவிடும் என்ற மறுப்பும் உண்மைதான். அதற்காகவே மேற்பூச்சு போட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் கலையவே கலையாத கூடு உடம்பில் தங்கிப்போகும். அதைவிட, சற்று முந்திக் கலைவதைச் சரிசெய்வது எளிது என்பது என் கருத்து.

புதிய துகள் பற்றி இனி எங்கே படித்தாலும், ஏற்றிய மருந்தின் சதவீதத்தோடு நின்றுவிடாதே. உலோகம் எது, எத்தனை நாளில் எந்த வழியாக வெளியேறியது என்று தேடு. அந்தக் கணக்கு இல்லையென்றால், அந்தத் துகளை மருந்து என்று இப்போதே எண்ணிவிடாதே.

அன்புடன்,
உன் சித்தப்பா