கேட்டலும் சிந்தித்தலும்

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானத்திற்குப் படிகள் நான்கு என்பது சைவ சித்தாந்தம். பள்ளியில் நான் மாணவர்களை முதற்படியிலேயே நிறுத்திவிட்டேன். ஒப்பித்தால் முழுப் புள்ளி!

பணி ஓய்வுக்குப் பின், பாகான் டாலாமில் ஒரு ஞாயிறு சமய வகுப்பில் மெய்கண்டார் வரலாற்றைச் சொன்னேன். 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை 12 சூத்திரங்களில் தந்தருளியவர். அந்த இளங்குருவிடம் சகலாகம பண்டிதர் வந்து, ஆணவத்தின் வடிவம் எது என்று வினவினாராம். குரு வாய் திறக்கவில்லை. பண்டிதரையே ஏற இறங்கப் பார்த்தார். பண்டிதர் அடிபணிந்தார், அருணந்தி சிவாசாரியார் ஆனார்.

"பதிலே சொல்லலையே சார், அவருக்கு எப்படிப் புரிஞ்சது?" என்றாள் ஒரு சிறுமி.

பல்லாண்டு சொல்லிவந்த கதை. எனக்கு இக்கேள்வி எழுந்ததே இல்லை. கற்ற ஆகமங்களை எல்லாம் பண்டிதர் அன்றுதான் தம்மேல் வைத்துப் பார்த்தாரோ? ஒரு வாரம் இதே சிந்தனை. அடுத்த ஞாயிறு, அவளையே முதலில் சொல்லச் சொன்னேன்.